மரை வெட்டின துவக்கு

கருங்காலிமுறிப்பில் அரசாங்கத்தின் அனுமதியோடு பன்றி சுடத் துவக்கு வைத்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஊர் விதானையார். மற்றவர் வீரகத்தி. விதானையாரின் துவக்கு அலுமாரிக்குப் பின்னால் தூசி பிடித்துக் கிடந்தது. வீரகத்தியின் துவக்குக்குத்தான் வேலை இருந்தது.

வவுனியாவுக்கு மேற்கே காட்டை வெட்டி, குளத்தைத் திருத்தி, குடியேற்றம் தொடங்கிய காலத்தில் பளையிலிருந்து வந்தவர் வீரகத்தியின் தகப்பன். வயற்காணியோடு காட்டுப் பன்றியையும் சேர்த்துத்தான் அரசாங்கம் தந்தது என்று அவர் சொல்வாராம். பன்றிக்காகவே ஒற்றைக்குழல் துவக்கு ஒன்றை வாங்கி, அரசாங்க அதிபரின் கச்சேரியில் பெர்மிட் எடுத்தார். அவர் செத்தபின் காணியும் துவக்கும் மகனின் பெயருக்கு மாறின. வருடம் முடிவதற்குள் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு கச்சேரிக்குப் போய்ப் பெர்மிட்டைப் புதுப்பித்து வருவது வீரகத்திக்கு ஒரு கோயில் காரியம் மாதிரி. அரசாங்கம் தன்னை நம்பி ஒரு துவக்கைத் தந்திருக்கிறது என்பதில் அவருக்குப் பெருமை. அந்தப் பெருமைதான் அவரைத் தின்றது என்று அவருடைய மனைவி கமலாசனி பிற்காலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள்.

எண்பதுகளின் நடுவில் இயக்கப் பெடியள் ஊர் ஊராக வந்து பெர்மிட் துவக்குகளை வாங்கிக்கொண்டு போனார்கள். விதானையார் கொடுத்துவிட்டார். வீரகத்தி கொடுக்கவில்லை. பொலிஸ் முதலே வாங்கிவிட்டது என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, துவக்கைச் சாக்கில் சுற்றி மாட்டுக் கொட்டிலின் கூரைக்குள் செருகி வைத்தார். ஆனாலும் கச்சேரிக்குப் போய்ப் பெர்மிட்டைப் புதுப்பிப்பதை நிறுத்தவில்லை. துவக்கு ஒளிவில் இருந்தது. கடுதாசி ஒழுங்காக இருந்தது.

தொண்ணூறாம் ஆண்டின் தொடக்கத்தில் இந்திய இராணுவம் போனது. சண்டை ஓய்ந்த அந்தச் சில மாதங்களில் காவலில்லாமல் கிடந்த வயல்களில் பன்றிகள் பட்டப்பகலிலேயே மேய்ந்தன. வீரகத்தி கூரையிலிருந்து துவக்கை எடுத்துத் துடைத்து, எண்ணெய் பூசி, காலை வெயிலில் வரம்பிலே நின்று ஒரு தாய்ப்பன்றியைக் குறி வைத்துச் சுட்டார். பன்றி ஓடிவிட்டது. துவக்கின் வாய் வாழைப்பூ மாதிரி விரிந்து கிழிந்திருந்தது. சாக்குக்குள் கிடந்த காலத்தில் மண்குளவி குழலுக்குள் கூடு கட்டியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. கன்னத்தில் ஒரு வெட்டுக் காயம். இடது காது அன்றோடு கேளாமல் போனது.

மன்னார் வீதியில் லேத் பட்டறை வைத்திருந்த அப்புத்துரையிடம் துவக்கைக் கொண்டுபோனார். அப்புத்துரைக்குச் சொந்த இடம் கிளிநொச்சி. வீரகத்தியைவிடப் பத்து வயது இளையவன். தண்ணீர்ப் பம்பு திருத்த ஊருக்கு வந்தால் கமலாசனியின் கையால் சாப்பிடாமல் போகமாட்டான்.

"அண்ணை, இந்த வாயை வெட்டி எறியத்தான் வேணும். மிச்சக் குழலிலை பழுதில்லை," என்றான்.

"வெட்டினாப் பிறகும் சுடுமோ?"

"சுடும். ஆனால் குளவி திரும்பவும் வரும். வாயிலை திருகுற மரை வெட்டி ஒரு பித்தளை மூடி கடைஞ்சு தாறன். போத்தல் மூடி மாதிரித் திருகிப் பூட்டிப்போட்டு வையுங்கோ. குளவியென்ன, எறும்பும் போகாது. சுடேக்கை மறக்காமல் கழட்டுங்கோ. இல்லாட்டி மற்றக் காதும் போயிடும்."

இருவரும் சிரித்தார்கள். வேலை முடிந்து துவக்கைக் கையில் வாங்கியபோது வீரகத்திக்கு ஒரு யோசனை வந்தது.

"அப்புத்துரை, குழல் கட்டையாய்ப் போச்சு. பெர்மிட்டிலை நீளம் எழுதிக் கிடக்கு. கச்சேரிக்கு ஒரு சொல்லுச் சொல்லி வைப்பமோ?"

அப்புத்துரையின் முகம் மாறியது. "என்னண்ணை சொல்லுறியள்? துவக்கு வேலை செய்யிறதுக்கு என்னட்டைப் பெர்மிட் இல்லை. சொன்னியள் எண்டால் என்ரை பட்டறையை இழுத்துப் பூட்டுவாங்கள். என்ரை பேரை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ."

"சொல்லமாட்டன்," என்றார் வீரகத்தி.

ஆனி மாதம் சண்டை திரும்பவும் வெடித்தது. வவுனியா வெறிச்சோடியது. அப்புத்துரை பட்டறையைப் போட்டபடி போட்டுவிட்டுக் கிளிநொச்சிக்குப் போய்விட்டான். கருங்காலிமுறிப்பு ஆட்கள் காட்டுக்குள்ளும் கோயில்களிலும் கிடந்து, சில மாதங்களின் பின் திரும்பி வந்தார்கள். இராணுவம் சந்தியில் மண்மூட்டை அடுக்கியிருந்தது. பக்கத்திலேயே ஒரு பொலிஸ் காவல் நிலையம் முளைத்திருந்தது.

அடுத்த வருடம் ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஊருக்குள் வந்தது. பெர்மிட் துவக்கு வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதைப் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும், ஒப்படைத்தவர்களுக்கு ஒரு பிரச்சினையும் வராது என்று உடைந்த தமிழில் ஒருவன் சொல்லிக்கொண்டு போனான்.

கமலாசனி அப்போது நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைத்தாள்.

"இஞ்சருங்கோ, அதைக் குளத்துக்கை எறிஞ்சுபோட்டு வாங்கோ. இயக்கம் கொண்டுபோட்டுது எண்டு சொல்லுவம். ஊரெல்லாம் அப்பிடித்தான் சொல்லுது."

"உனக்கென்ன விசரே? எழுத்திலை இருக்கிற துவக்கு. நாளைக்குக் கணக்குக் கேட்டால் என்னத்தைக் காட்டிறது? கொண்டுபோய்க் குடுத்தால் சிட்டை தருவினம். பிறகு ஒரு தலையிடியும் இல்லை."

"அவங்களுக்கு நீங்கள் துவக்கோடை வாறது மட்டுந்தான் தெரியும். பெர்மிட் தெரியாது."

அவர் கேட்கவில்லை. வெள்ளைச் சேட்டைப் போட்டார். துவக்கைச் சைக்கிள் பாருடன் கட்டி, நுனியில் ஒரு வெள்ளைத் துணியையும் கட்டிக்கொண்டு சந்திக்குப் போனார். காவலுக்கு நின்றவன் கண்டதும் கத்தினான். வீரகத்தி சைக்கிளை விழவிட்டு முழங்காலில் இருந்து இரண்டு கையையும் தூக்கினார். உள்ளே கொண்டுபோனார்கள். ஒரு பொலிஸ்காரன் பித்தளை மூடியைத் திருகிக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, குழலுக்குள் ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். "நல்ல துவக்கு," என்றான். சிட்டை எழுதிக் கொடுத்தார்கள். வீரகத்தி நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். மூடி அந்த மேசையிலேயே கிடந்தது. அதை அவர் பிறகு ஒருநாளும் காணவில்லை.

அந்தப் போகம் விளைந்தது. பன்றி பாதி, மனிதர் பாதி. அறுவடைக்குப் பிறகு ஒரு காலையில் ஜீப் வந்தது. வீரகத்தி வேலி கட்டிக்கொண்டிருந்தார். ஒரு சின்ன விசாரணை, பின்னேரத்துக்குள் விட்டுவிடுவோம் என்றார்கள். கமலாசனி அவருக்குச் சேட்டை எடுத்துக் கொடுத்தாள். மகள் சுமித்திரா பள்ளிக்கூடத்தால் வந்தபோது அப்பா இல்லை.

வெளி மாவட்டத்திலிருந்து வந்த ஓர் அதிகாரி ஒப்படைக்கப்பட்ட துவக்குகளைப் பார்வையிட்டபோது, ஒன்றின் வாயில் மட்டும் மரை இருந்ததைக் கண்டிருக்கிறார். மூடி இல்லாத மரை. அதிகாரி கோபக்காரர் அல்ல. வீரகத்தியைக் கதிரையில் இருக்கச் சொன்னார். வாசலில் காவலுக்கு நின்றவனைக் கூப்பிட்டு, அவனுடைய குட்டைத் துப்பாக்கியை வாங்கி, அதன் நுனியில் இருந்த இரும்புத் துண்டைத் திருகிக் கழற்றிக் காட்டினார். உள்ளே மரை. பக்கத்தில் வீரகத்தியின் துவக்கை வைத்தார். அதிலும் மரை.

தமிழ் தெரிந்த பொலிஸ்காரன் ஒருவன் மொழிபெயர்த்தான். "ஐயா கேக்கிறார், சண்டைத் துவக்கிலை இருக்கிறது கமக்காரன் துவக்கிலை ஏன் இருக்கு எண்டு. எங்கை சைலன்சர்?"

சுடும் சத்தத்தை அடக்கத் துவக்கின் வாயில் திருகிப் பூட்டுகிற சைலன்சரைத்தான் கேட்டார்கள். வீரகத்தி அறிந்த சைலன்சர் வேறு. "ஐயா, என்னட்டை மோட்டச்சைக்கிள் இல்லை," என்றார்.

முதல் அடி அதற்குத்தான் விழுந்தது. பகிடி விடுகிறான் என்று நினைத்துவிட்டார்கள்.

மரையை வெட்டியது யார் என்று கேட்டார்கள். சொல்லமாட்டேன் என்று அப்புத்துரைக்குக் கொடுத்த வாக்கு நினைவில் இருந்தது. வீதியால் போன ஒருவன், பேர் ஊர் தெரியாது என்றார். வாழ்க்கையில் அவர் பொலிஸுக்குச் சொன்ன ஒரே பொய் அது. இரண்டு நாளைக்கு மேல் அதைக் காப்பாற்ற அவரால் முடியவில்லை. எந்த உடம்பாலும் முடிந்திராது. மூன்றாம் நாள் அப்புத்துரையின் பெயரைச் சொன்னார், குளவியைச் சொன்னார், மூடியைச் சொன்னார். அப்புத்துரை இப்போது எங்கே என்று கேட்டார்கள். கிளிநொச்சியில் என்றார். கிளிநொச்சி இயக்கத்தின் கையில் இருந்தது. எழுதிக்கொண்டிருந்தவன் தலையை நிமிர்த்தி அதிகாரியைப் பார்த்தான். அந்தப் பார்வையோடு கதை முடிந்துவிட்டது. முதலில் பொய் சொன்னான், ஆளை மறைத்தான், அந்த ஆள் இயக்கத்தின் இடத்தில் இருக்கிறான். மூடியைப் பற்றிக் காவல் நிலையத்தில் எவருக்கும் தெரியவில்லை.

வாக்குமூலத்தைச் சிங்களத்தில் தட்டச்சு செய்தார்கள். வீரகத்தி ஒப்பமிட்டார். அதில் என்ன இருந்தது என்பது வருடங்கள் கழித்து வழக்கறிஞர் வாசித்துச் சொன்னபோதுதான் தெரிந்தது. "அப்புத்துரை மரை வெட்டினவன்" என்று இவர் சொன்னதை மொழிபெயர்த்தவன் காட்டில் திரிகிற மரைமான் என்றே விளங்கிக்கொண்டிருந்தான். இயக்கத்துக்காகத் துவக்கில் சைலன்சர் பூட்டியதோடு, அப்புத்துரை என்பவனுடன் சேர்ந்து காட்டில் மரை ஒன்றை வெட்டி இறைச்சியைப் பங்கிட்டதாகவும் வீரகத்தி ஒப்புக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்தே மச்ச மாமிசம் தின்னாத மனிதர் அவர்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அவரைத் தெற்கே ஒரு சிறைக்கு அனுப்பினார்கள். வழக்கு விசாரணைக்கு வராது; தவணைத் திகதி மட்டும் வரும். தவணைக்கும் சில வேளை சிறை பஸ் வராது.

கமலாசனி கொஞ்சக் காலம் வயலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தகரத்தில் தட்டினாள். சீனவெடி கொளுத்தினாள். சந்தியில் இருந்தவர்கள் வெடிச்சத்தம் கேட்டு அந்தத் திசைக்குச் சுட்டார்கள். அதற்குப் பிறகு வெடி கொளுத்துவதையும் விட்டாள். பன்றி வந்தது, பிறகு யானை வந்தது. ஒரு காலபோக வெள்ளாமை முழுவதும் அழிந்ததும், மகளைக் கூட்டிக்கொண்டு வவுனியா நகருக்கு வந்து ஓர் அரிசி ஆலையில் நெல் அவிக்கப் போனாள். மாதத்துக்கு ஒருதரம் இராணுவத்திடம் பாஸ் எடுத்து, பஸ்ஸும் ரயிலும் மாறித் தெற்கே போய், கம்பி வலைக்கு அப்பால் நிற்கும் புருஷனைப் பார்த்துவிட்டு வந்தாள். அவருக்கு ஒரு காது கேளாது. சுற்றிவர எல்லோரும் கத்துகிற அந்த இடத்தில் மற்றக் காதாலும் பெரிதாக ஒன்றும் கேட்காது. ஆகவே பெரும்பாலும் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றார்கள்.

வழக்கை எடுத்த செல்வநாயகம் என்ற வழக்கறிஞர் நல்ல மனிதர். அவர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "அம்மா, அந்த லேத்காரன் வந்து 'நான்தான் செய்தனான், மூடிக்காகத்தான் செய்தனான்' எண்டு சொன்னால் வழக்கு நிக்காது."

தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில் சண்டை நிறுத்தம் வந்து பாதை கொஞ்சம் திறந்தபோது கமலாசனி கிளிநொச்சிக்குப் போனாள். சந்தைக்குப் பின்னால் ஓலைக் கொட்டிலில் அப்புத்துரை இருந்தான். மண்ணெண்ணெயில் ஓட மாற்றிய பம்புகளைத் திருத்திக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழும்பி, கையைத் துடைத்து, கதிரையை இழுத்துப் போட்டான். எல்லாவற்றையும் கேட்டு முடித்ததும் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"நான் வந்தால் என்னையும் பிடிச்சுப் போடுவாங்கள், அக்கா."

"அவர் உன்ரை பேரைச் சொல்லாமல் எவ்வளவு அடி வாங்கினவர் தெரியுமே?"

"தெரியாது."

"இப்ப சொல்லுறன். தெரிஞ்சுகொள்."

"அக்கா, இஞ்சையிருந்து வெளிக்கிடுறது எண்டாலும் இயக்கத்தட்டைப் பாஸ் எடுக்க வேணும். ஆமிக்கு முன்னாலை சாட்சி சொல்லப்போறன் எண்டு சொல்லிப் பாஸ் கேக்க ஏலுமே? கேட்டால் உவங்கள் விடுவாங்களே? எனக்கும் ரெண்டு பெட்டைப் பிள்ளையள்."

"அப்ப இஞ்சையிருந்தே ஒரு சமாதான நீதவானுக்கு முன்னாலை சத்தியக் கடுதாசி எழுதித் தா."

அதற்கும் அவன் மாட்டேன் என்றான். பெயர் கடுதாசியில் ஏறினால் ஏறினதுதான் என்றான். அவள் எழும்பிப் போக வெளிக்கிட்டபோது கொஞ்சம் நிற்கச் சொன்னான். கொட்டிலின் மூலையில் கையால் சுற்றுகிற ஒரு சின்னக் கடைசல் எந்திரம் இருந்தது. பித்தளைத் துண்டு ஒன்றை எடுத்து, முதலில் செய்ததைப் போலவே ஒரு மூடியைக் கடைந்து மரையும் வெட்டி அவள் கையில் வைத்தான். "இதைக் கோட்டிலை காட்டச் சொல்லுங்கோ. அந்த வாய்க்கு இது அப்பிடியே பூட்டும். பூட்டினால் அவங்களுக்கு விளங்குந்தானே."

அவளுக்கு அதை அவன் முகத்தில் எறிய வேண்டும் போலிருந்தது. ஆனால் கொண்டுபோனாள். வேறு என்ன இருந்தது கொண்டுபோக?

எல்லைச் சோதனைச் சாவடியில் பைகளைக் கொட்டிப் பார்த்தபோது பிடித்துவிட்டார்கள். கிளிநொச்சியிலிருந்து வருகிற ஒரு பெண்பிள்ளையின் சேலைகளுக்கு நடுவில் புத்தம் புதிய பித்தளை, உள்ளே மரை. வெடிகுண்டின் பாகமா என்று கேட்டார்கள். துவக்கு மூடி என்றாள். துவக்கு என்ற சொல்லைக் கேட்டதும் வரிசையில் நின்றவர்கள் அவளைவிட்டு விலகி நின்றார்கள். தகரக் கொட்டில் ஒன்றுக்குள் அவளை வைத்துக் கேள்வி கேட்டார்கள். வழக்கறிஞர் வந்து தலையிட்ட பிறகுதான் விட்டார்கள். மூடியைக் கொடுக்கவில்லை. அடுத்த வழக்குத் தவணையில் அரச தரப்பு அதையும் சொன்னது: குற்றஞ்சாட்டப்பட்டவரின் மனைவி புலிகளின் இடத்துக்குப் போய் ஆயுத உதிரிப்பாகத்தோடு திரும்பி வந்திருக்கிறாள்.

பிறகு கிளிநொச்சியும் விழுந்தது. அங்கிருந்தவர்கள் காட்டுக்குள் சிதறினார்கள். ஒரு பகுதியினர் இராணுவப் பகுதிக்கு வந்து வவுனியா முகாம்களில் அடைபட்டார்கள். அரிசி ஆலை வேலை முடிந்து தண்ணீருக்கு வரிசையில் நின்ற கமலாசனி ஒருநாள் முகாம் வேலிக்கு அந்தப் பக்கம் அப்புத்துரையைக் கண்டாள். மெலிந்து, தாடி வளர்ந்து நின்றான். முகாம் பதிவில் தன்னைக் கூலிக்காரன் என்று சொல்லியிருந்தான். லேத் வேலை தெரியும் என்று சொன்னால் எந்தப் பக்கமும் சந்தேகப்படும் என்று அவனுக்குப் பயம்.

இப்போது அவளுக்கு ஒரு வழி இருந்தது. வேலியைக் காட்டிப் பொலிஸுக்கு ஒரு சொல்லுச் சொன்னால் போதும். அவன் சாட்சிக்கு வராவிட்டால் இழுத்துக்கொண்டு வருவார்கள்.

தெற்கே போய் வலைக்கு அந்தப் பக்கம் நின்ற புருஷனிடம் கத்திச் சொன்னாள். "அப்புத்துரை வவுனியாவிலை நிக்கிறான்! சொல்லிக் குடுக்கட்டே?"

அவர் கேட்கும் காதைத் திருப்பி வைத்துக்கொண்டு திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பச் சொன்னாள். அவர் வலையைப் பிடித்தபடி முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தார்.

"பொலிஸிலை அவன்ரை பேரை நான் ஒருக்காச் சொல்லிப்போட்டன். அது காணும். இனி நீ சொல்லாதை."

"அப்ப நாங்கள்? நாங்கள் இப்பிடியே சாகிறதோ?"

"அவனை உள்ளை போட்டால் என்னை வெளியிலை விடுவாங்கள் எண்டு நினைக்கிறியே? ரெண்டு பேரையும் வைச்சிருப்பாங்கள்."

அவள் அழுதுகொண்டு போனாள். அவர் சொன்னது சரியென்று செல்வநாயகமும் சொன்னார். அது சரி என்பதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

தொண்ணூற்றெட்டில் வழக்கு உண்மையாகவே விசாரணைக்கு வந்தது. நீதிபதி சான்றுப் பொருளைக் கொண்டுவரச் சொன்னார். அரச தரப்பு தடுமாறியது. வீரகத்தியின் துவக்கை இடையில் பக்கத்துக் கிராமத்து ஊர்காவல் படைக்குப் பாவிக்கக் கொடுத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது அதன் வாயை இன்னும் கொஞ்சம் அரிந்து எடுத்திருந்தார்கள். மரை இருந்த துண்டு இல்லை. எந்த மரைக்காக ஒரு மனிதர் ஏழு வருடமாக அடைபட்டுக் கிடந்தாரோ அந்த மரை உலகத்திலேயே இல்லை.

வீரகத்திக்கு அன்று முதல்முறையாக முகம் வெளித்தது. விட்டுவிடுவார்கள் என்று நினைத்தார். இடைவேளையில் செல்வநாயகம் கூண்டுக்குப் பக்கத்தில் வந்தார்.

"வீரகத்தி, அரச சட்டத்தரணி ஒரு வழி சொல்லுறார். பயங்கரவாதக் குற்றச்சாட்டை விட்டிடுவினம். பெர்மிட் துவக்கிலை அனுமதியில்லாமல் மாற்றம் செய்தது எண்ட சின்னக் குற்றத்தை ஒப்புக்கொண்டால் இருந்த காலத்தைத் தண்டனையாய்க் கணிச்சு இண்டைக்கே விடுவினம்."

"ஒப்புக்கொள்ளாட்டில்?"

"சாட்சிக்குத் தவணை போடுவினம். வாக்குமூலத்திலை உங்கடை கையெழுத்து இருக்கு. வெல்லலாம். எப்ப எண்டு சொல்லமாட்டன்."

"அந்தச் சின்னக் குற்றத்துக்கு எவ்வளவு தண்டனை, ஐயா?"

வழக்கறிஞர் கையிலிருந்த கோப்பை மூடினார். "முதற் குற்றத்துக்கு அநேகமாய் அபராதத்தோடை விடுவினம்," என்றார்.

கச்சேரிக்கு அன்றே ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அந்த அபராதத்தோடு முடிந்திருக்கும். வீரகத்தி சிரித்தார் என்று கமலாசனி சொல்கிறாள். அந்தச் சிரிப்பைப் போல பயங்கரமான ஒன்றைத் தான் பார்த்ததில்லை என்கிறாள். பிறகு கூண்டில் ஏறி, கேட்டபோது, "நான் குற்றவாளி," என்றார். செய்தது உண்மைதான். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னபின் தலையை நிமிர்த்தவில்லை. நீதிமன்றத்தில் இருந்தவர்கள் மனம் வருந்துகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

வவுனியாவுக்கு வந்த மனிதரை மகளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அவர் போனபோது அவள் ஐந்தாம் வகுப்பு. இப்போது நிலத்தைப் பார்த்து நடக்கிற இளம் பெண். இருவரும் ஒருவருக்கொருவர் மரியாதையாக நடந்துகொண்டார்கள். விருந்தாளிகளைப் போல. கருங்காலிமுறிப்புக்குப் போக முடியவில்லை. வயலுக்கு நடுவால் இராணுவம் மண் அணை போட்டிருந்தது. சுற்றிவர மிதிவெடி என்று சொன்னார்கள்.

அவர் வந்தது தெரிந்ததும் அப்புத்துரை அந்தப் பக்கத் தண்ணீர்க் குழாய்க்கு வருவதை நிறுத்திவிட்டான். ஆனால் வவுனியா சின்ன ஊர். ஒரு வெள்ளிக்கிழமை, முகாமில் பாஸ் எடுத்துக் கும்பிட வந்த அவனும் இவரும் கோயில் வாசலில் முகத்துக்கு முகம் அகப்பட்டார்கள். அப்புத்துரைக்கு விலக இடமில்லை. கும்பிடுகிற கையோடு நின்று ஏதோ சொல்லத் தொடங்கினான். இடது பக்கமாக நின்றதால் வீரகத்திக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"இந்தப் பக்கம் வந்து சொல்லு," என்றார்.

அவன் வலது பக்கம் வந்தான். "அண்ணை, என்னை மன்னிச்சிடுங்கோ. நான் பயந்திட்டன்."

"நானும்தான் பயந்தனான். அதாலைதானே உன்ரை பேரைச் சொன்னனான்."

"நீங்கள் ரெண்டு நாள் தாங்கினீங்களாம். அக்கா சொன்னவா."

"ஓம்." வீரகத்தி செருப்பைக் கழற்றினார். "கேள், அப்புத்துரை. நான் உன்னைக் காட்டிக் குடுக்கமாட்டன். ஆனால் மன்னிக்கவும் இல்லை. ரெண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதை."

அவன் அழுதான். வீரகத்தி உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வேறு வாசலால் வெளியே வந்தார். வீட்டில் இதைச் சொன்னபோது, அவ்வளவாவது சொன்னீங்களே என்றாள் கமலாசனி.

அவள் வேலை செய்த அரிசி ஆலையின் முதலாளி நல்லதம்பி அவள் முகத்துக்காக வீரகத்தியைக் காவலாளியாக எடுத்தார். சுவரோரம் ஒரு கதிரை, ஒரு டோர்ச், ஒரு பொல்லுத் தடி. வேலை பிடித்திருந்தது. யாரோடும் கதைக்கத் தேவையில்லை. இரண்டு வருடம் அப்படிப் போனது. சுமித்திராவுக்கு ஒரு தையற்கடையில் இடம் கிடைத்தது. சம்பந்தம் ஒன்றும் பேசி வந்தது. தகப்பன் எதற்காகச் சிறையில் இருந்தவர் என்று மாப்பிள்ளை வீட்டார் விசாரித்தார்கள். துவக்கு வழக்கு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோனது.  சுமித்திரா அன்று சாப்பிடவில்லை.

இரண்டாயிரத்தோராம் ஆண்டு ஆலைக்குப் பக்கத்துக் கடையில் கொள்ளை போனது. நல்லதம்பி பெரிய இடங்களில் சொல்லி ஆலைப் பாதுகாப்புக்கென்று ஒரு துவக்குக்குப் பெர்மிட் எடுத்துவிட்டார். அதைக் கொண்டுவந்து வீரகத்தியின் முன்னால் நீட்டினார். பளபளக்கிற புதுத் துவக்கு.

"உமக்குத் துவக்குப் பழக்கம்தானே வீரகத்தி. பிடியும். எல்லாம் சட்டப்படிதான். பெர்மிட் என்ரை பேரிலை."

வீரகத்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஐயா, எனக்குப் பொல்லுக் காணும்."

"பொல்லாலை என்ன செய்வீர்? துவக்குப் பிடிக்கிற ஆள் எண்டுதான் நான் உம்மை வைச்சிருக்கிறன்."

"அப்ப வேறை ஆளைப் பாருங்கோ, ஐயா."

நல்லதம்பி கெட்டவர் அல்ல. ஒரு கிழமை யோசிக்கச் சொன்னார். வீரகத்தி டோர்ச்சையும் பொல்லையும் கதிரையில் வைத்துவிட்டு அன்றே வந்துவிட்டார்.

கமலாசனி உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டதும் அகப்பையை எறிந்தாள். "சட்டம் சட்டம் எண்டு கொண்டுபோய்க் குடுக்கேக்கை நான் சொல்லக் கேக்கேல்லை. இப்ப சட்டப்படி ஒருத்தர் கையிலை தரேக்கை வேண்டாமெண்டு வாறியள். எந்த நேரமும் நாங்கள்தானே பட்டினி கிடக்க வேணும்? நான் இனி எந்த முகத்தோடை அந்த ஆலைக்குப் போறது?"

அவர் குனிந்து அகப்பையை எடுத்துக் கழுவி அடுப்பருகில் வைத்தார்.  அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

அடுத்த கிழமை அவர் கல்லுடைக்கப் போனார். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கையெல்லாம் கொப்புளம். கமலாசனி முதல் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் கொப்புளங்களுக்குத் தேங்காயெண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். பூசிவிடவில்லை. வைத்துவிட்டுப் போனாள்.

கல் வாங்க வருகிற லொறிக்காரர்களுக்கு அவரைத் தெரியும். காது கேளாத கிழவன், பாவம், நல்லவன் என்பார்கள். ஏன் கேளாமல் போனது என்று யாராவது கேட்டால், குளவி கூடு கட்டினது என்பார். காதுக்குள்ளையோ என்று அவர்கள் சிரிப்பார்கள். அவர் அடுத்த கல்லை எடுத்து வைப்பார்.